காமன்வெல்த், ஒலிம்பிக், உலகக் கோப்பை: போட்டி நடத்தும் ஊருக்குக் கடைசியில் என்ன மிஞ்சும்?

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு என்று 2025 நவம்பரில் முடிவாகிவிட்டது. 2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்புவதாக இந்தியா 2024 அக்டோபரிலேயே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறது. அதிலிருந்து "இதனால் நமக்கு என்ன லாபம்?" என்ற கேள்வி விதவிதமாக வந்துகொண்டிருக்கிறது. அடிக்கடி வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே நடத்திப் பார்த்த ஊர்களின் அனுபவத்தை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு பெரிய போட்டி வந்தால் ஊருக்குப் பணம் கொட்டாதா?

கொட்டும். யார் மடியில் கொட்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஒலிம்பிக்கின் டிவி ஒளிபரப்பு உரிமையும் உலக அளவிலான ஸ்பான்சர்களும் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் கையில். உலகக் கோப்பை கால்பந்து என்றால் ஃபிஃபாவின் கையில். 2019 முதல் 2022 வரையான நான்கு ஆண்டுகளில் ஃபிஃபாவுக்கு வந்த வருமானம் 750 கோடி டாலருக்கு மேல். அதில் பெரும்பகுதி கத்தார் உலகக் கோப்பை கொண்டுவந்தது. ஸ்டேடியம், மெட்ரோ, சாலை, போலீஸ் பந்தோபஸ்து எல்லாம் கத்தாரின் செலவு. கல்யாண வீட்டில் மொய் நோட்டை ஒருவர் வைத்துக்கொண்டு பந்திச் செலவை இன்னொருவர் தலையில் கட்டுகிற ஏற்பாடுதான் இது.

ஒலிம்பிக் கமிட்டி தன் வருமானத்தில் ஒரு பங்கை நடத்தும் நகரத்துக்குத் தருகிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் செலவு எகிறினால் அந்தக் கூடுதல் முழுக்க நகரத்துக்கும் அதன் அரசுக்கும்தான் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிடும். ஃபிஃபா இன்னும் ஒரு படி மேலே போய், நடத்தும் நாட்டிடம் வரிவிலக்கும் கேட்டு வாங்கும்.

"11,637 கோடி ரூபாய் பொருளாதாரத் தாக்கம்" என்றெல்லாம் அறிக்கை வருகிறதே, அது பொய்யா?

பொய் இல்லை. ஆனால் அந்த எண் எதை அளக்கிறது, யார் அளந்தது என்று தெரிந்துகொண்டு வாசிக்க வேண்டும். நீங்கள் சொல்லும் எண் 2023 கிரிக்கெட் உலகக் கோப்பையைப் பற்றி ஐசிசி வெளியிட்டது. போட்டியை நடத்திய அமைப்பே காசு கொடுத்துத் தயாரிக்க வைத்த அறிக்கை.

அந்த உலகக் கோப்பையில் சேப்பாக்கத்தில் 5 ஆட்டங்கள் நடந்தன. தாம்பரத்திலிருந்து ஒரு குடும்பம் போய் டிக்கெட், ஆட்டோ, பிரியாணி என்று 6,000 ரூபாய் செலவழித்தது என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் இல்லையென்றால் அந்தப் பணத்தின் பெரும்பகுதி அதே மாதத்தில் சினிமாவுக்கோ துணிக்கடைக்கோ போயிருக்கும். சென்னைக்கு அது புதுப் பணம் இல்லை, கடை மாறிய பணம். வெளியூரிலிருந்து வந்தவர் செலவழித்ததுதான் உண்மையான வரவு. அதிலும் ஒரு பிடித்தம் இருக்கிறது. போட்டிக் கூட்டத்துக்கும் ஓட்டல் வாடகைக்கும் பயந்து வழக்கமாக வருகிறவர்கள் வராமல் போவார்கள். 2012 ஆகஸ்டில், லண்டனில் ஒலிம்பிக் நடந்த மாதத்தில், பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கை முந்தைய ஆண்டு ஆகஸ்டைவிடக் குறைந்தது. வந்தவர்கள் கூடுதலாகச் செலவழித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் கசிவு. 2023 இறுதியாட்டத்தின்போது அகமதாபாத்தில் ஓட்டல் அறை வாடகை ஒரு இரவுக்கு லட்சம் ரூபாயைத் தாண்டியதாகச் செய்திகள் வந்தன. அறையைச் சுத்தம் செய்தவரின் சம்பளம் அந்த வாரம் பத்து மடங்கு ஏறியிருக்காது. லாபம் ஓட்டல் முதலாளி எந்த ஊரில் இருக்கிறாரோ அங்கே போயிருக்கும். இப்படி வருகிற மொத்தத்தைத்தான் "தாக்கம்" என்று போடுகிறார்கள். அதிலிருந்து செலவைக் கழிப்பது பெரும்பாலும் அந்த அறிக்கையின் வேலை இல்லை.

டெல்லி 2010-இல் உண்மையில் என்ன நடந்தது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அகமதாபாத்துக்கு நேரடி முன்னோடி இதுதான்.

2003 நவம்பரில் ஜமைக்காவில் நடந்த வாக்கெடுப்பில் கனடாவின் ஹாமில்டன் நகரத்தைத் தோற்கடித்து டெல்லி போட்டியை வாங்கியது. ஆரம்ப மதிப்பீடு 1,200 கோடி ரூபாய். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை 2011 ஆகஸ்டில் வந்தபோது தொகை 18,532 கோடியாக நின்றது. டெல்லி மெட்ரோ, விமான நிலையச் செலவுகள் இதில் சேரவில்லை. போட்டி தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளும் என்று அமைப்புக் குழு சொல்லி, 1,780 கோடி வருமானக் கணக்கும் காட்டியிருந்தது. கழிக்க வேண்டியதெல்லாம் கழித்த பிறகு கைக்கு வந்தது 174 கோடிக்குச் சற்றுக் குறைவு.

கையில் ஏழு ஆண்டுகள் இருந்தன. அதில் பாதி, கமிட்டி மேல் கமிட்டி போடுவதிலும் யாருக்கு அதிகாரம் என்ற இழுபறியிலும் போனது. கடைசி இரண்டு ஆண்டுகளில் "நாட்டின் மானப் பிரச்சினை" என்ற பேச்சு வந்ததும் டெண்டர் விதிகள் தளர்ந்தன. ஒரே ஒரு நிறுவனம் விலை குறித்தாலும் வேலை அதற்கே போனது. உள்நாட்டு விளக்குகள் இருக்க, பல மடங்கு விலையில் தெருவிளக்குகளை இறக்குமதி செய்தார்கள். இந்த அவசரத்தையே தணிக்கையாளர் சந்தேகத்தோடு பார்த்தார்: தாமதம் தானாக வந்ததா, வரவழைக்கப்பட்டதா? தொடக்க விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, செப்டம்பர் 21 அன்று, ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் அருகே கட்டிக்கொண்டிருந்த நடைமேம்பாலம் இடிந்து 27 தொழிலாளர்கள் காயமடைந்தார்கள்.

யமுனைக் கரையில் வீரர்கள் தங்கக் குடியிருப்பு கட்டிய கதை தனி. தனியார் நிறுவனம் தன் பணத்தில் கட்டும், பிறகு வீடுகளை விற்றுக்கொள்ளும், அரசுக்குச் செலவே இல்லை என்பது திட்டம். 2008-இல் உலக நிதி நெருக்கடி வந்தது. நிறுவனத்திடம் பணம் இல்லை. டெல்லி வளர்ச்சி ஆணையம் 333 வீடுகளை 700 கோடிக்கு மேல் கொடுத்து முன்கூட்டியே வாங்கி அதைக் கைதூக்கிவிட்டது. லாபம் வந்தால் தனியாருக்கு, நட்டம் வந்தால் அரசுக்கு.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது வேறொன்று. பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்டத்தில் ஒதுக்கிய பணத்தில் சுமார் 700 கோடி ரூபாயை டெல்லி அரசு போட்டிச் செலவுகளுக்குத் திருப்பிவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக அது வெளியே வந்தது. அப்போது உள்துறை அமைச்சராக இருந்த ப. சிதம்பரம் 2010 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அது தவறு என்று ஒப்புக்கொண்டார்.

நல்லதும் இருக்கிறது. இந்தியா 101 பதக்கங்களோடு இரண்டாம் இடம் பிடித்தது, அதுவரை கண்டிராத எண்ணிக்கை. விமான நிலையத்தின் மூன்றாம் முனையமும் சில மெட்ரோ பாதைகளும் போட்டியின் தேதியால் வேகம் பிடித்தன. விமான நிலையத்துக்குப் போகும் அதிவேக மெட்ரோ மட்டும் வீரர்களெல்லாம் ஊர் திரும்பிய பிறகு, 2011 பிப்ரவரியில் திறந்தது.

அமைப்புக் குழுத் தலைவர் சுரேஷ் கல்மாடி 2011 ஏப்ரலில் கைதானார். பணமோசடி வழக்கை முடித்துக்கொள்வதாக அமலாக்கத்துறை கொடுத்த அறிக்கையை டெல்லி நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ஏற்றுக்கொண்டது.

அது ஊழல். நேர்மையாக நடத்தினால் கட்டுப்படி ஆகாதா?

ஊழல் பெரிதாக இல்லாத ஊர்களிலும் செலவு எகிறியிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1960-க்குப் பிந்தைய ஒலிம்பிக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். கணக்குக் கிடைத்த அத்தனையும் மதிப்பீட்டைத் தாண்டியிருந்தன. 2012 ஒலிம்பிக்கை நடத்த லண்டன் விண்ணப்பித்தபோது சொன்னது 240 கோடி பவுண்டு. 2007-இல் அதை 930 கோடியாக உயர்த்திக்கொண்டார்கள். கடைசியில் அதற்குச் சற்றுக் குறைவாக முடிந்ததும் "பட்ஜெட்டுக்குள் முடித்தோம்" என்று அறிவித்தார்கள்!

காரணம் எளிது. எந்தப் பொதுப்பணியிலும் பணம் தட்டுப்பாடானால் தேதியைத் தள்ளலாம். இங்கே தொடக்க விழாத் தேதி அசையாது (கொரோனாவால் டோக்கியோ தள்ளிப்போனது விதிவிலக்கு). அது ஒப்பந்ததாரருக்கும் தெரியும். கடைசி ஆறு மாதத்தில் அவர் கேட்ட விலைதான் விலை.

மான்ட்ரியால் நகரத்தைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. 1976 ஒலிம்பிக்குக்கு முன் அதன் மேயர் ஷான் ட்ராப்போ, "ஆணுக்குப் பிள்ளை பிறந்தாலும் பிறக்கும், ஒலிம்பிக்கில் நட்டம் வராது" என்கிற தோரணையில் பேசினார். கடன் அடைந்து முடிந்தது 2006-இல். முப்பது ஆண்டுகள். கியூபெக் மாகாணம் புகையிலை மீது தனி வரி போட்டு அடைத்தது. போட்டி நடந்தபோது பிறந்தே இராதவர்களும் ஒவ்வொரு சிகரெட் பாக்கெட்டோடும் அந்த ஸ்டேடியத்துக்குத் தவணை கட்டினார்கள்.

லாபம் பார்த்த ஊரே கிடையாதா?

உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ், 1984. மான்ட்ரியால் பட்ட பாட்டைப் பார்த்து மற்ற ஊர்கள் ஒதுங்கிக்கொண்டன, கடைசியில் களத்தில் நின்றது இது ஒன்றுதான். ஒரே மாப்பிள்ளை என்பதால் நிபந்தனை போடும் இடத்தில் நகரம் இருந்தது. 1932 ஒலிம்பிக் நடந்த பழைய கொலீசியத்தையே பயன்படுத்தினார்கள், மாணவர் விடுதிகளில் வீரர்களைத் தங்கவைத்தார்கள், நட்டத்தை நகரம் ஏற்காது என்று பேசி முடித்தார்கள். 20 கோடி டாலருக்கு மேல் மிச்சம்.

பார்சிலோனா, 1992 வேறு மாதிரி. அங்கே லாபத்தைக் கணக்கு நோட்டில் தேடக் கூடாது, கடற்கரையில் தேட வேண்டும். பழைய ஆலைகளும் ரயில் தண்டவாளமும் அடைத்துக்கொண்டிருந்த கரையை நகரத்துக்குத் திறந்துவிட்டார்கள், சுற்றுச்சாலை போட்டார்கள். செலவில் பெரும்பகுதி விளையாட்டு அரங்குக்குப் போகவில்லை, ஊருக்குப் போனது. அந்தத் திட்டங்களில் பல, ஒலிம்பிக் கிடைப்பதற்கு முன்பே நகரம் யோசித்து வைத்திருந்தவை. போட்டி ஒரு சாக்கு, ஒரு கெடு. இப்படி வரைபடம் தயாராக இருக்கும் ஊருக்குப் போட்டி உதவுகிறது, போட்டிக்காக வரைபடம் போடும் ஊர் மாட்டிக்கொள்கிறது. அதே பார்சிலோனாவில் 2024-இல் உள்ளூர்க்காரர்கள் சுற்றுலாப் பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சி, வீட்டு வாடகை தாங்கவில்லை என்று போராடினார்கள். வெற்றிக்கும் விலை இருக்கிறது.

கட்டிய ஸ்டேடியங்கள் அப்புறம் பயன்படாதா?

அந்த ஊரில் ஆட ஆள் இருந்தால் பயன்படும். பிரேசிலில் அமேசான் காட்டுக்கு நடுவே இருக்கும் மனாவுஸ் நகரத்தில் 2014 உலகக் கோப்பைக்காக 40,000 பேருக்கு மேல் உட்காரும் அரங்கு கட்டினார்கள். அதில் நடந்த உலகக் கோப்பை ஆட்டங்கள் 4. அந்த ஊர் அணி எதுவும் நாட்டின் முதல் பிரிவு லீக்கில் அப்போது இல்லை.

பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. 2011 கிரிக்கெட் உலகக் கோப்பைக்காக இலங்கை, அம்பாந்தோட்டைக்கு உள்ளே சூரியவெவவில் 35,000 இருக்கை ஸ்டேடியம் கட்டியது. பல்லேகலயில் இன்னொன்று. கொழும்பு பிரேமதாச ஸ்டேடியத்தையும் புதுப்பித்தது. இலங்கை அணி இறுதியாட்டம் வரை போனது. கிரிக்கெட் வாரியமோ கடனில் மூழ்கி, அதே வீரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்கவில்லை. ஐசிசி பணம் அனுப்பிய பிறகுதான் பாக்கி தீர ஆரம்பித்தது. அதே ஆண்டு நவம்பரில் அம்பாந்தோட்டை 2018 காமன்வெல்த் போட்டியையும் கேட்டு, ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட்டிடம் தோற்றது. தோற்றதில் நான் வருத்தப்பட மாட்டேன்.

கட்டுமான வேலை கிடைக்கிறதே, தொழிலாளிக்கு அது லாபம்தானே?

வேலை கிடைக்கும். கூலி முழுதாகக் கிடைக்குமா என்பது வேறு. 1982 டெல்லி ஆசியப் போட்டி என்றதும் கலர் டிவியும் மேம்பாலங்களும் அப்பு யானையும் நினைவுக்கு வரும். அவற்றோடு சேர்த்து நினைக்க வேண்டிய ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இருக்கிறது. கட்டுமானத்தில் அன்றைய குறைந்தபட்ச தினக்கூலி 9 ரூபாய் 25 காசு. ஆள் பிடித்துக் கொடுக்கும் ஜமாதார் அதில் ஒரு ரூபாயைக் கமிஷனாக எடுத்துக்கொண்டு, 8 ரூபாய் 25 காசைக் கையில் கொடுத்தார். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று 1982 செப்டம்பரில் சொன்னது. 2010 போட்டியின்போதும் அதே சங்கம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் அமைத்த குழு கண்டுபிடித்ததும் கிட்டத்தட்ட அதேதான்: குறைந்தபட்சக் கூலி இல்லை, பதிவு இல்லை.

கத்தார் விஷயத்தில் "6,500 பேர் ஸ்டேடியம் கட்டும்போது செத்தார்கள்" என்று பலரும் பகிர்கிறார்கள். அந்த எண் அப்படிச் சொல்லவில்லை. இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து போய், 2010-க்குப் பிறகு கத்தாரில் எந்த வேலையில் இருந்தும் எந்தக் காரணத்தாலும் இறந்தவர்களின் தொகை அது. தி கார்டியன் 2021-இல் வெளியிட்டது. ஸ்டேடியம் கட்டுமானத்தில் வேலை தொடர்பாக இறந்தவர்கள் 3 பேர்தான் என்று அமைப்பாளர்கள் பல காலம் சொல்லிவந்தார்கள். பிறகு 2022 நவம்பரில் அவர்களின் பொதுச் செயலாளர் ஹசன் அல் தவாதியே, போட்டி சார்ந்த வேலைகளில் 400 முதல் 500 பேர் வரை என்று ஒரு பேட்டியில் சொன்னார். பல மரணங்கள் "இயற்கையானது" என்று பதிவானதால் வெயிலும் வேலைப் பளுவும் எத்தனை பேரைக் கொன்றன என்பது காகிதத்தில் ஏறவே இல்லை.

உலகக் கவனத்தால் ஒரு நன்மையும் நடந்தது. முதலாளி அனுமதிக் கடிதம் இல்லாமல் வேலை மாறலாம் என்று 2020-இல் சட்டம் வந்தது, 2021 மார்ச்சிலிருந்து 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியம். உலகக் கோப்பை கத்தாருக்கு என்று முடிவானது 2010-இல். நடுவே பத்து ஆண்டு.

குடிசைகளும் தெருக்கடைகளும் என்ன ஆகும்?

முதலில் அவைதான் போகும். ரியோவில் ஒலிம்பிக் பூங்காவை ஒட்டி வீலா ஆட்டோட்ரோமோ என்ற மீனவர் குடியிருப்பாகத் தொடங்கிய பகுதி இருந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேற, விடாப்பிடியாக நின்ற 20 குடும்பங்களுக்கு மட்டும் அங்கேயே புது வீடு கிடைத்தது. டெல்லியில் 2010-க்கு முன் பிச்சைக்காரர்களைப் பிடிக்க நடமாடும் நீதிமன்றங்களே ஓடின.

தெருக்கடைக்காரர்கள் சில நேரம் ஜெயிக்கிறார்கள். பிரேசிலின் சால்வடார் நகரத்தில் வெள்ளைப் பாவாடை கட்டிய பெண்கள் தெருவோரம் அக்கராஜே விற்பார்கள். காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி, வெங்காயத்தோடு அரைத்து, செம்பனை எண்ணெயில் பொரிக்கும் வடை அது. நடுவில் பிளந்து இறால் வைத்துத் தருவார்கள். ஸ்டேடியத்தைச் சுற்றி ஃபிஃபாவின் ஸ்பான்சர்கள் மட்டுமே விற்கலாம் என்ற விதி அவர்களை வெளியே தள்ளப் பார்த்தது. கையெழுத்து இயக்கம், ஊர்வலம் என்று போராடி, 2013-இல் சிலருக்காவது அனுமதி வாங்கினார்கள்.

போட்டி நடந்தால் இளைஞர்கள் விளையாட வருவார்கள்தானே?

கொஞ்ச நாள். லண்டன் "ஒரு தலைமுறையைத் தூண்டுவோம்" என்றது. அடுத்த மூன்று ஆண்டுகளில் வாரம் ஒரு முறையாவது விளையாடும் பெரியவர்களின் விகிதம் குறைந்தது. தெருவில் மைதானமும் பள்ளியில் பி.டி. வாத்தியாரும் இல்லாத இடத்தில் டிவியில் பார்த்த ஆசை நிற்காது.

எந்த ஊராவது "வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறதா?

டென்வர் மக்கள் 1972-இல் வாக்களித்து, ஏற்கெனவே கிடைத்திருந்த 1976 குளிர்கால ஒலிம்பிக்கையே மறுத்தார்கள். ஹாம்பர்க் 2015-இல், கால்கரி 2018-இல். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 காமன்வெல்த்தை வாங்கிவிட்டு, செலவு 260 கோடி ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 600 கோடிக்கு மேல் போவதைப் பார்த்து 2023 ஜூலையில் கைகழுவியது. அதற்காக 38 கோடி டாலர் நஷ்டஈடு கட்டியது. கட்டினாலும் மிச்சம்தான். மக்களிடம் கேட்ட இடங்களில் பல தடவை "வேண்டாம்" என்றே பதில் வந்திருக்கிறது.

சென்னை செஸ் ஒலிம்பியாட் மாதிரி நடத்தினால்?

அது நல்ல உதாரணம், அளவைக் கவனியுங்கள். ரஷ்யாவிடமிருந்து கைமாறி, சுமார் நான்கு மாத அவகாசத்தில் 2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் நடந்தது. மாநில அரசு சுமார் 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. காலியாகக் கிடக்க ஸ்டேடியம் எதுவும் கட்டவில்லை, குடிசை எதுவும் போகவில்லை. நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கக் கட்டம் அடித்ததும் வேட்டி சட்டையில் நின்ற தம்பி குதிரையும் சென்னைக்காரர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். ஆனால் குகேஷையும் பிரக்ஞானந்தாவையும் உருவாக்கியது அந்தப் பதினைந்து நாள் இல்லை. பல காலமாக ஊரில் இருக்கும் செஸ் வகுப்புகளும், போட்டிக்கு ரயிலில் கூட்டிப்போகும் பெற்றோர்களும்தான்.

சரி, அகமதாபாத் விஷயத்தில் எதைக் கேட்க வேண்டும்?

மோடெராவில் 1,32,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் இருக்கிறது, ஆனால் அது கிரிக்கெட்டுக்குக் கட்டியது. புதிதாக எவ்வளவு கட்டப்போகிறார்கள்? 2026 போட்டியை ஏற்ற கிளாஸ்கோ, 10 விளையாட்டு, இருக்கிற 4 அரங்கு, வீரர்களுக்கென்று தனிக் குடியிருப்பு கிடையாது என்று சுருக்கிக்கொண்டது. அந்தச் சிக்கனம் இங்கே வருமா? வீரர் குடியிருப்பு கட்டும் தனியார் தடுமாறினால் யார் தூக்கிவிடுவது? வெளிமாநிலக் கட்டுமானத் தொழிலாளர்களை நல வாரியத்தில் பதிவு செய்கிறார்களா? போட்டிக்கான பணம் எந்தத் தலைப்பிலிருந்து எடுக்கப்படுகிறது?

டெல்லியில் துணைத் திட்டப் பணம் திசைமாறியது ஒரு தகவல் உரிமை மனுவால் வெளியே வந்தது. அகமதாபாத் அமைப்புக் குழு அந்தச் சட்டத்துக்குள் வருமா என்பதை, முதல் டெண்டர் போவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.